பரிசோதனை முடிவு முதலில் பரிசோதிக்கப்பட்டவருக்கே தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளிநாட்டில் குடியேறுவது பற்றித் தங்கள் நாளிதழ் அடிக்கடி எழுதிவருகிறது. விசாப் பிரிவுகள், புள்ளி முறை, மொழித் தேர்வு, கட்டண உயர்வு என்று பலவும் விரிவாக வருகின்றன. ஆனால் அந்தப் பாதையில் பெரும்பாலோர் கடந்தாக வேண்டிய மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் "மருத்துவச் சான்றிதழும் தேவை" என்ற ஒற்றை வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. நான் நெஞ்சக நோய் மருத்துவர். குடியேற்றத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் ஏதோ இருப்பதாகச் சொல்லப்பட்டு, அது என்னவென்று தெரியாமலேயே என்னிடம் வந்து சேர்ந்தவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவர்களில் பலர் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டும், அதில் ‘அன்ஃபிட்’ என்ற முத்திரையும்தான். தன் எல்லைக்குள் யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவருடைய உடலைச் சோதித்துக் கண்டறிந்ததை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்காமலும், சிகிச்சைக்கு வழி காட்டாமலும் அனுப்பிவிடுவதை மருத்துவம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தப் பரிசோதனைக்குப் பின்னால் இருக்கும் நோக்கம் எல்லா நாடுகளிலும் ஒன்றல்ல. தொற்றுநோய் தன் மக்களிடையே பரவாமல் காப்பது ஒரு நோக்கம். வருபவரின் சிகிச்சைச் செலவு தன் பொது மருத்துவத் திட்டத்தின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு நோக்கம். வேலைக்கு வருபவரின் உடல் உழைப்புக்குத் தாங்குமா என்று பார்ப்பது மூன்றாவது. அமெரிக்கச் சட்டம் நான்கு காரணங்களைக் குறிப்பிடுகிறது: பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் தொற்றுநோய், தேவையான தடுப்பூசிகளைப் போட்டிராமை, தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தையோடு கூடிய உடல் அல்லது மனக் கோளாறு, போதைப்பொருள் பழக்கம். கனடா, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து ஆகியவற்றோடு, மருத்துவ, சமூக சேவைகள் மீது அளவுக்கு மீறிய சுமை என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. பிரிட்டன், பட்டியலிட்ட நாடுகளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களிடம் காசநோய்ச் சோதனையை மட்டும் கேட்கிறது. செலவுக் கணக்கை, 2024 பிப்ரவரி முதல் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்ற சுகாதாரக் கட்டணமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. ஆக, ஒரு நாட்டுக்குத் தடையாக நிற்கும் நோய் இன்னொரு நாட்டுக்குத் தடையாக இராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விசா மறுக்கப்பட்டது என்பதற்காகத் தனக்கும் மறுக்கப்படும் என்று அஞ்சுவதற்கும், நண்பருக்குக் கிடைத்தது என்பதற்காகத் தனக்கும் கிடைத்துவிடும் என்று நம்புவதற்கும் இங்கே இடமில்லை.

இன்றைய நடைமுறையின் வேரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணலாம். அருவருப்பான அல்லது ஆபத்தான தொற்றுநோய் உள்ளவர்களை உள்ளே விடக் கூடாது என்று அமெரிக்கா 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியது. மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாகச் சென்றார்கள். மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நடந்து வந்தவர்களை மருத்துவர்கள் நின்று கவனித்து, ஐயம் எழுந்தவரின் மேல்சட்டையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தைக் குறித்தார்கள். இதயக் கோளாறுக்கு ஓர் எழுத்து, கண்ணுக்கு ஓர் எழுத்து, காலைச் சாய்த்து நடந்தால் வேறோர் எழுத்து. டிரக்கோமா என்ற கண் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, இமையை விரலாலோ பொத்தான் மாட்டும் கொக்கியாலோ புரட்டினார்கள். தன் சட்டையில் எழுதப்பட்டது எதைக் குறிக்கிறது என்று அந்தச் சட்டையை அணிந்தவருக்குத் தெரியாது. நோயுள்ளவரை ஏற்றி வந்த கப்பல் நிறுவனமே தன் செலவில் அவரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1903இல் ஆளுக்கு 100 டாலர் அபராதமும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு புறப்படும் துறைமுகத்திலேயே பயணிகளைச் சோதித்து அனுப்புவதில் கப்பல் நிறுவனங்கள் அக்கறை காட்டின. 1920களின் நடுவில், விசா தரும் தூதரகங்களோடு மருத்துவச் சோதனையை இணைக்கும் முறையும் வந்தது. கடல் கடந்து போய்த் திரும்பி வரும் துயரம் இதனால் குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மருத்துவர் தன் முன்னால் நிற்பவருக்காகச் சோதிக்காமல், அவரை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இன்னொருவருக்காகச் சோதிக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது.

அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை. குடியேற்றப் பரிசோதனையை நம் குடும்ப மருத்துவர் செய்ய முடியாது. அந்தந்த நாடு அங்கீகரித்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவர் உயரம், எடை, இரத்த அழுத்தம், பார்வை ஆகியவற்றைப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, பழைய நோய்கள், அறுவை சிகிச்சைகள், மனநலம், உட்கொள்ளும் மருந்துகள் பற்றி விசாரிப்பார். கனடாவும் ஆஸ்திரேலியாவும் 11 வயது முதல் மார்பு எக்ஸ்ரேயும், 15 வயது முதல் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையும் கேட்கின்றன. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து குடியேற்ற விசா கேட்பவர்களுக்கு 15 வயது முதல் எக்ஸ்ரே உண்டு. காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து போகும் 2 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, காசநோய்க் கிருமி உடலில் நுழைந்திருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை உண்டு. கண்டறிந்த அனைத்தும் கணினி வழியாகவோ, "பிரிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டிய உறையிலோ குடிவரவுத் துறைக்குப் போய்விடுகின்றன. பரிசோதித்த மருத்துவர் விசாவை முடிவு செய்பவர் அல்லர். இறுதி முடிவு குடிவரவு அதிகாரியுடையது. ஆகவே, "நான் பாஸா டாக்டர்?" என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆனால் "என் உடம்பில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, இரண்டாவதற்கும் வாய் திறக்காமல் இருந்துவிடும் பழக்கம்தான் என்னை வருத்துகிறது.

காசநோயை எடுத்துக்கொண்டு இதைச் சற்று விளக்க வேண்டும். ஏனென்றால் குடியேற்றப் பரிசோதனைகளில் மிக அதிகமான தாமதமும் கலக்கமும் அதனால்தான் வருகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ கால் பங்கினரின் உடலில் காசநோய்க் கிருமி எப்போதோ நுழைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு மட்டுமே வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படுகிறது. கிருமி உறங்கிக் கிடப்பவரிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றாது. முன்பு காசநோய் வந்து முழுமையாகக் குணமானவரின் நுரையீரலில், பெரும்பாலும் மேல் பகுதியில், ஒரு தழும்பு தங்கிவிடுவதுண்டு. எக்ஸ்ரேயில் அது வெண்கோடுகளாகவோ சுண்ணாம்புப் புள்ளியாகவோ தெரியும். அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து, இது ஆறிப்போன தழும்பா, உயிரோடிருக்கும் நோயா என்று எந்த அனுபவசாலியும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் சளிப் பரிசோதனை கேட்கிறார்கள். அப்படிக் கேட்பது மருத்துவ முறைப்படி சரியானது.

சளி கொடுப்பது எளிய வேலையன்று. அடுத்தடுத்த மூன்று நாட்கள் காலையில், ஒன்றும் சாப்பிடாமல், வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பினால் பயனில்லை. இருமலே இல்லாத ஒருவருக்கு இது எவ்வளவு சிரமம் என்பதை அருகில் நின்று பார்த்தவர்களே அறிவார்கள். அந்தச் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது உடனே முடிந்துவிடும். ஆனால் கல்ச்சர் என்று நாங்கள் சொல்லும் வளர்ப்புச் சோதனைக்கு 6 முதல் 8 வாரம் ஆகும். காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும் இயல்புடையது என்பதே காரணம். ஆய்வகத்தைப் பழிப்பதில் பொருளில்லை. கிருமி வளர்ந்தால், வழக்கமான வகைக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. அதன் பிறகு மீண்டும் சளிப் பரிசோதனை. இவ்வளவையும் ஒருவரை உட்கார வைத்து விளக்கக் கால் மணி நேரம் போதும்.

அந்தக் கால் மணி நேரம் கிடைக்காததால் என்ன நேர்ந்தது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். செவிலியர் பணிக்காக வெளிநாடு செல்லவிருந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பதின்ம வயதில் காசநோய் வந்து, முழுச் சிகிச்சையும் முடித்துக் குணமாகியிருந்தது. பரிசோதனை மையத்தில் எக்ஸ்ரே எடுத்தபின், "படத்தில் டவுட் இருக்கிறது, மூன்று நாள் சளி கொடுங்கள், ரிசல்ட் வர இரண்டு மாதம் ஆகும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நோய் திரும்பிவிட்டது என்றே அவர் முடிவு செய்துகொண்டார். இரண்டு வயது மகனை அந்த இரண்டு மாதமும் தன் அருகில் படுக்க விடவில்லை. தூக்கிக் கொஞ்சவும் இல்லை. காரணத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவும் துணியவில்லை. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று குழந்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்குமாம். கல்ச்சரில் கிருமி வளரவில்லை. இருந்தது பழைய தழும்புதான். விசா கிடைத்து அவர் போயும் சேர்ந்துவிட்டார். நுண்ணோக்கியில் கிருமி தென்படவில்லை என்ற செய்தி முதல் வாரத்திலேயே அந்த மையத்துக்குத் தெரியும். அதை ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால், அது முழு உறுதி ஆகாது என்றாலும், அந்த வீட்டில் இரண்டு மாத இருள் இருந்திருக்காது.

இப்படிப்பட்ட மௌனத்தால் இன்னொரு தீங்கும் விளைகிறது. எதுவும் விளக்கப்படாத இடத்தில் வதந்தி நுழைகிறது, "பழைய டி.பி.யைப் பற்றி வாயைத் திறக்காதே" என்று ஏஜெண்டும் உறவினரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைவிடக் கேடான அறிவுரை இல்லை. தழும்பை எக்ஸ்ரே எப்படியும் காட்டிவிடும். காட்டிய பிறகு, முன்பே நோய் வந்ததில்லை என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருப்பது நோயைவிடப் பெரிய தடையாகிவிடும். கனடாவில் பொய்த் தகவல் தந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் 5 ஆண்டுகளுக்கு உள்ளே நுழைய முடியாது. மாறாக, எந்த ஆண்டு நோய் வந்தது, என்ன மருந்து, எத்தனை மாதம், முடித்ததற்கான சான்று, அப்போது எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவரின் ஐயம் பாதி தீர்ந்துவிடும். பழைய படமும் புதிய படமும் மாறாமல் ஒன்றுபோல் இருப்பதைக் காட்டுவதைப்போல் வலுவான சான்று வேறில்லை. பழைய எக்ஸ்ரே படங்களை யாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்வது நியாயம். காசநோய் இருந்தாலே கதவு மூடிவிடும் என்பது பல நாடுகளைப் பொறுத்தவரை உண்மையில்லை. நோய் இருந்தால் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். முடித்தபின் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் விண்ணப்பத்தைத் தொடர்ந்து பரிசீலிக்கின்றன. ஆறிய தழும்பு உள்ளவர்களை உள்ளே விட்டு, போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள சுகாதாரத் துறையிடம் பதிவு செய்து தொடர் பரிசோதனைக்கு வருமாறு கனடா கேட்கிறது. ஆஸ்திரேலியா அதற்கென ஓர் உறுதிமொழியை எழுதி வாங்குகிறது. இது நல்ல முறை. கண்டறிதலும் சிகிச்சையும் கண்காணிப்பும் தொடர்ச்சியாக நடக்கும்போது அந்த நாட்டு மக்களுக்கும் பாதுகாப்பு, போகிறவருக்கும் பாதுகாப்பு.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரின் நிலை வேறு. முன்பு காம்கா என்றும் இப்போது வஃபித் என்றும் அறியப்படும் ஏற்பாட்டின் கீழ், குறிப்பிட்ட மையங்களில் சோதனை நடக்கிறது. காசநோய், எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றோடு, பெண்களுக்குக் கர்ப்பச் சோதனையும் உண்டு. போய்ச் சேர்ந்தபின் அங்கே மறுபடியும் சோதனை நடக்கிறது; அதில் தவறினால், கடன் வாங்கிப் போனவர் முதல் சம்பளம் வாங்கும் முன்பே திரும்பி வர நேரிடுகிறது. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். கர்ப்பச் சோதனையும் அதில் அடக்கம். கருவுற்றிருப்பது தொற்றுநோய் அன்று. அதைத் தொற்றுநோய்ப் பட்டியலோடு சேர்த்துச் சோதித்து வேலையைப் பறிப்பதை ஒரு மருத்துவராக என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஹெபடைட்டிஸ் பி இருப்பதால் ‘அன்ஃபிட்’ ஆனவர்களில், அந்தக் காரணமே தெரியாமல் வீடு திரும்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இந்த நோய் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக் கூடியது. அவர்களில் எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் எல்லாருக்கும் தொடர்ந்த கண்காணிப்பு தேவை. மருந்து தேவைப்படுபவர்களுக்குக் கிருமியை அடக்கி வைக்கவும், கல்லீரல் சுருங்குவதையும் புற்றுநோய் வருவதையும் குறைக்கவும் மாத்திரைகள் உள்ளன. கணவனுக்கோ மனைவிக்கோ, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கோ தடுப்பூசி போட்டுவிட்டால் அவர்களைக் காப்பாற்றிவிடலாம். கிருமியுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். அந்த இரத்தப் பரிசோதனை அறிக்கை, ஒரு குடும்பத்தையே காக்கக்கூடிய தகவல். அதை ஒரு மையம் கணினியில் ஏற்றிவிட்டு, எதிரில் நிற்பவரிடம் "உங்களுக்கு விசா இல்லை, போகலாம்" என்று சொல்லி அனுப்பும்போது, நோய் அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போகிறது. தகவல் மட்டும் போவதில்லை.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அறிவியல் ஒரு திசையிலும் சட்டம் வேறு திசையிலும் நெடுங்காலம் நடந்தன. அமெரிக்கா 1987இல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 1993இல் நாடாளுமன்றமே அதைச் சட்டமாக்கியது. 2010 ஜனவரியில்தான் தடை முழுமையாக நீங்கியது. அதன் பிறகே, 1990க்குப் பின் முதன்முறையாக, சர்வதேச எய்ட்ஸ் மாநாடு 2012இல் அமெரிக்க மண்ணில் கூட முடிந்தது. ஆனாலும் 2019இல் 48 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் பயணத்துக்கோ தங்குதலுக்கோ ஏதேனும் ஒரு கட்டுப்பாடு இருந்ததாக ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு கணக்கிட்டது. பழகுவதாலோ, ஒன்றாக உண்பதாலோ, ஒரே அறையில் இருப்பதாலோ இது பரவுவதில்லை. முறையாக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவின் வழியாகவும் பரவுவதில்லை. இருந்தும், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஒருவர் முதன்முதலாக அறிந்துகொள்ளும் இடம் விசாவுக்கான பரிசோதனை மையத்தின் வரவேற்பு மேசையாக இருந்துவிடுகிறது. சோதனைக்கு முன்னும் பின்னும் தனியறையில் ஆலோசனை, முடிவில் முழு இரகசியம், அன்றே சிகிச்சை மையத்துக்குப் பரிந்துரை ஆகியவை எந்த மருத்துவமனையிலும் கடைப்பிடிக்க வேண்டிய அடிப்படை விதிகள். விசாவுக்காகச் செய்கிறோம் என்பதால் அவை தளர்ந்துபோகக் கூடாது. ஏஜெண்டிடம் முடிவைச் சொல்லிவிட்டு, உரியவரை வெளியே உட்கார வைத்திருப்பதைப் போன்ற அவமதிப்பு வேறு எதுவும் இருக்க முடியாது.

செலவுச் சுமையைக் காரணம் காட்டும் விதிகளில், மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளைக் கொண்ட குடும்பங்களே மிகவும் நசுங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் குடும்பத்தில் ஒருவர் மருத்துவத் தகுதியில் தவறினால், விலக்கு கிடைக்காதவரை, பொதுவாகக் குடும்பமே தவறியதாகக் கொள்ளப்படுகிறது. அங்கு இந்தச் செலவு வரம்பு 2024 ஜூலையில் 51,000 டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தப்பட்டது. கனடாவில், பணவசதியுள்ள இரு குடும்பங்கள் தங்கள் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது: நோயின் பெயரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; அந்தக் குறிப்பிட்ட மனிதருக்கு உண்மையில் என்ன சேவை தேவைப்படும், குடும்பம் அதை ஏற்க முடியுமா, விரும்புகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. 2018இல் கனடா தன் செலவு வரம்பை மூன்று மடங்காக்கி, சிறப்புக் கல்வியையும் சமூக, தொழில் மறுவாழ்வுச் சேவைகளையும் அந்தக் கணக்கிலிருந்து நீக்கியது. குடிமக்களும் நிரந்தர வாசிகளும் குடும்ப இணைப்புக்காக அழைக்கும் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் அகதிகளுக்கும் இந்தச் செலவு விதி அங்கே பொருந்தாது. இந்த விவரம் தெரியாமல், குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு என்றவுடன் விண்ணப்பிக்கும் எண்ணத்தையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். குழந்தையை உறவினரிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்று என்னிடமே கேட்ட பெற்றோரும் இருக்கிறார்கள்.

கனடாவின் நடைமுறையில் எனக்குப் பிடித்த ஒரு கூறு உண்டு. மருத்துவக் காரணத்தால் மறுக்க எண்ணினால், அதற்கு முன் விண்ணப்பதாரருக்கு ஒரு கடிதம் வருகிறது. என்ன நோய் கண்டறியப்பட்டது, அதனால் என்ன சுமை வரும் என்று கருதுகிறோம் என்று அதில் எழுதி, மறுமொழி தரக் கால அவகாசமும் கொடுக்கிறார்கள். தன் மருத்துவரின் அறிக்கையையும், வேறு சிகிச்சை முறையையும், செலவைத் தானே ஏற்கும் திட்டத்தையும் அவர் அனுப்பலாம். முடிவு அதன் பிறகும் பாதகமாகவே வரலாம். ஆனால் எதற்காக என்று தெரிந்துகொண்டு வாதாட ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு பணக்கார நாடு தன் நிரந்தரக் குடியேற்றக்காரர்களுக்குத் தரும் இந்த மரியாதையை, கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவருக்கு மறுப்பதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

பரிசோதனைக்குச் செல்ல இருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ கட்டுப்பாட்டில் இருந்தால், நிரந்தரக் குடியேற்றத்துக்கு அவை மட்டும் தடையாவது அரிது. மருந்துச் சீட்டையும் அண்மைய பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் இரத்த அழுத்தம் ஏறுவது இயல்பு. சற்று அமர்ந்து இளைப்பாறியபின் மீண்டும் அளக்கும்படி தயங்காமல் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையில் இரத்தம் தென்பட்டுத் தேவையற்ற மறுபரிசோதனைக்கு வழிவகுக்கும் என்பதால், தேதியைத் தள்ளி வாங்குவது நல்லது. கருவுற்றிருந்தாலோ, அப்படி ஐயம் இருந்தாலோ, எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். வயிற்றுப் பகுதியை மறைத்து எடுப்பதா, பிரசவத்துக்குப் பின் எடுப்பதா, சில நாடுகள் ஏற்பதுபோல் எக்ஸ்ரேக்குப் பதில் சளிப் பரிசோதனை கொடுப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்காவுக்குச் செல்பவர்கள் தட்டம்மை, அம்மைக்கட்டு, இளம்பிள்ளைவாதம், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி முதலிய தடுப்பூசிகளின் பதிவேட்டைத் தேடி எடுங்கள். பதிவு இல்லையென்றால் மீண்டும் போட வேண்டிவரும், அதனால் உடலுக்குக் கேடில்லை. அந்தத் தேவைப் பட்டியல் அவ்வப்போது மாறும். 2021 அக்டோபரில் சேர்க்கப்பட்ட கொரோனா தடுப்பூசியை, அந்நாட்டிலேயே இருந்து நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்பவர்களிடம் 2025 ஜனவரி முதல் கேட்பதில்லை. சான்றிதழ்களுக்கும் ஆயுள் உண்டு. பிரிட்டனின் காசநோய்ச் சான்று 6 மாதமும், கனடாவின் பரிசோதனை 12 மாதமும் செல்லும். மிக முந்திச் செய்தால் காலாவதியாகிவிடும், மிகப் பிந்தினால் கல்ச்சருக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. "ஃபிட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். மையங்களில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, புகைப்படமும் எடுத்துவைக்கிறார்கள். ஆள்மாறாட்டம் எளிதில் பிடிபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஆவணங்கள் குடிவரவுத் துறைக்குப் போய்விட்டபின் திரும்பப் பெறுவது கடினம்.

பரிசோதனை மையங்களை நடத்தும் என் சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். குடிவரவுத் துறை கேட்கும் படிவத்தோடு, பரிசோதிக்கப்பட்டவரின் மொழியில் ஒரு பக்கத் தாளும் கொடுங்கள். என்ன கண்டோம், அது என்னவாக இருக்கலாம், அடுத்து எந்தச் சோதனை, அதற்கு எத்தனை வாரம், வீட்டில் உள்ளவர்கள் என்ன கவனமாக இருக்க வேண்டும், சிகிச்சைக்கு எங்கே போக வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விசா முடிவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே இதைச் செய்யலாம். தொழிலாளர்களை அனுப்பும் நாடுகளின் அரசுகள், இப்படி ஒரு தாள் கொடுப்பதை மைய அங்கீகாரத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம். ‘அன்ஃபிட்’ எனத் தீர்மானிக்கப்பட்டவரை அரசு மருத்துவமனையின் உரிய பிரிவுக்கு அனுப்பி, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்கும் பொறுப்பையும் யாருக்காவது ஒப்படைக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் வேலைவாய்ப்பு, வெளிநாட்டுக் கல்விப் பக்கங்களில் இந்தப் பரிசோதனை விதிகளை நாடுவாரியாக எளிய தமிழில் வெளியிட்டு, விதிகள் மாறும்போதெல்லாம் புதுப்பித்துத் தர வேண்டுகிறேன். பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்றே சொல்லப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் அனுபவங்களையும், பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, கேட்டு எழுதுங்கள். அப்படி வருபவர்களின் அறிக்கைகளைப் படித்து விளக்கிச் சொல்ல என்னைப் போன்ற மருத்துவர்கள் தேவைப்பட்டால், நான் கட்டணமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர்